கைவிடப்பட்ட கணினியில் புது ஓஎஸ்: தடுப்பது எது, தாண்ட முடிவது எது?

பழைய கணினியில் முதலில் நின்றுபோவது பிரவுசர்தான். விண்டோஸ் 7 வைத்திருந்தவர்களுக்கு 2023-ல் குரோம் 109-வது பதிப்போடு கடையைக் கட்டியது. மேக்கில் பிக் சர் என்ற ஓஎஸ் பதிப்பை வைத்திருப்பவர்களுக்கு 138-தான் கடைசி. அதற்கப்புறம் வங்கித் தளம் முரண்டு பிடிக்கும், ஆன்லைன் படிவம் பாதியில் நிற்கும். சரி, புது ஓஎஸ், அதாவது விண்டோஸ், மேக்ஓஎஸ் போன்ற இயங்குதளம், போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தால், 'இந்தக் கணினியில் ஓடாது' என்று இன்ஸ்டாலர் ஒரே வரியில் முடித்துக்கொள்ளும்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் மூன்று வேறு வேறு காரணங்கள் இருக்கலாம். உங்கள் கணினியைத் தடுப்பது எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் யூடியூப் பார்த்துப் பென் டிரைவ் செருகுகிறவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் காரணம், வெறும் சோதனை. கல்யாண மண்டப வாசலில் நின்று பத்திரிகை இருக்கிறதா என்று கேட்பது மாதிரி. உள்ளே இடம் இருக்கிறது, சாப்பாடும் இருக்கிறது, பத்திரிகை மட்டும் இல்லை. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 கேட்பது இப்படிப்பட்டது: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட், பெரும்பாலும் இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசசர். ஒரு 4-ஆம் தலைமுறை ஐ5 லேப்டாப்பில் இவை இல்லாவிட்டாலும் விண்டோஸ் 11 நன்றாகவே ஓடும். சோதனையைத் தாண்டிவிட்டால் போதும்.

இரண்டாவது, டிரைவர். ஓஎஸ் உள்ளே வந்துவிடும். ஆனால் உங்கள் கிராபிக்ஸ் சிப்போடும் வைஃபை கார்டோடும் பேசத் தேவையான மென்பொருள் அதில் இருக்காது. தயாரித்தவர் எழுதுவதை நிறுத்தியிருப்பார், அல்லது ஆப்பிள் செய்வதுபோல் ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் பழையதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். இதைத் தாண்ட வேண்டுமானால் யாராவது உட்கார்ந்து அந்தப் பழைய டிரைவரைத் திரும்பப் பொருத்தியிருக்க வேண்டும். அப்படிச் செய்த ஆட்கள் உங்கள் மாடலுக்கு இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, சிப்புக்கே தெரியாத கட்டளை. இதைத்தான் பலர் முதலாவதோடு குழப்பிக்கொள்கிறார்கள். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு (2024-ன் இரண்டாம் பாதியில் வந்தது), எஸ்எஸ்இ 4.2, பாப்கவுண்ட் என்ற கட்டளைகள் ப்ராசசரில் இருக்கும் என்று எதிர்பார்த்தே தொகுக்கப்பட்டது. அவை இல்லாத சிப்பில் அது பூட் ஆகவே ஆகாது, அதாவது தொடங்கவே செய்யாது. விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் எந்த ரெஜிஸ்ட்ரி வித்தையும் இங்கே செல்லாது. இன்டெல்லின் கோர் 2 டியோவில் இவை கிடையாது. 2010-ஐ ஒட்டி வந்த முதல் தலைமுறை ஐ3, ஐ5-ல் உண்டு. ஏஎம்டியில் ஃபீனம் 2, ஏத்லான் 2, மலிவு லேப்டாப்புகளில் வந்த இ-350, இ-450 எல்லாம் இதில் அடிபடும். 2012 லேப்டாப் என்பதால் 2010 லேப்டாப்பைவிட மேல் என்று நினைக்க வேண்டாம். இ-450 போட்ட 2012 மாடல் தோற்கும், முதல் தலைமுறை ஐ3 போட்ட 2010 மாடல் ஜெயிக்கும்.

பார்ப்பது சுலபம். சிபியு-இசட் என்ற இலவசக் கருவியைத் திறந்தால், முதல் பக்கத்திலேயே 'இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்' என்ற வரி இருக்கும். அதில் எஸ்எஸ்இ 4.2 இருந்தால் மேலே படியுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் 11-ஐ மறந்துவிட்டு நேராக லினக்ஸ் பகுதிக்குப் போய்விடலாம். '23எச்2 வரை ஓடுமே' என்று சிலர் சொல்வார்கள். ஓடும்தான். ஆனால் ஹோம், ப்ரோ இரண்டுக்கும் 23எச்2-வின் அப்டேட் 2025 நவம்பரோடு முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட்டுக்காகத்தான் இத்தனை பாடு, அது வராத பதிப்பைப் போட்டு என்ன பயன்?

தொடங்கும் முன்

ஓஎஸ் வேலையில் பாதி தோல்வி ஓஎஸ்ஸால் வருவதில்லை. சென்னைக் கணினிகளுக்கு இது இன்னும் பொருந்தும். கடற்கரைப் பக்க வீடுகளில், திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி இடங்களில், உப்புக் காற்றில் ராம் கார்டின் தங்கநிறப் பட்டைகள் மங்கிப்போயிருக்கும். சாதாரண வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூள் தட்டிவிட்டுப் பொருத்துங்கள். இன்ஸ்டால் நடக்கும் அந்த ஒரு மணி நேரம் ப்ராசசர் முழு வேகத்தில் ஓடும். விசிறி அடைத்து, தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோன லேப்டாப், கத்திரி வெயிலில் பாதியிலேயே அணைந்துவிடும். அப்போது டிஸ்க்கில் பழைய ஓஎஸ்ஸும் இருக்காது, புதிதும் இருக்காது.

சிமாஸ் பேட்டரி, அதாவது மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல், செத்திருந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பானால் பாதுகாப்புச் சான்றிதழ் எதையும் கணினி ஏற்காது. இணையமே இல்லாததுபோல் நடந்துகொள்ளும். மேக்கில் 'இன்ஸ்டாலர் சேதமடைந்திருக்கிறது' என்றே செய்தி வரும். பலர் பத்து ஜிபிக்கு மேல் மறுபடி டவுன்லோடு செய்துவிட்டுத்தான் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

ஹார்ட் டிஸ்க்கோடு இந்த வேலையில் இறங்க வேண்டாம். 256 ஜிபி, 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். இன்றைய ஓஎஸ் எதுவும் சுழலும் டிஸ்க்கை மனதில் வைத்து எழுதப்படவில்லை. மேக்கின் ஏபிஎஃப்எஸ் என்ற கோப்பு முறை அதில் தவழும். ராம் 8 ஜிபி இருந்தால் நிம்மதி. 4 ஜிபியில் விண்டோஸ் 11 திறக்கும், பிரவுசரில் நாலு டேப் போட்டால் மூச்சு வாங்கும்.

பாகங்களுக்கு ரிச்சி தெரு போதும். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். போகும் முன் ராம் வகையை எழுதிக்கொள்ளுங்கள்: இன்டெல் 4-ஆம் தலைமுறை முதல் டிடிஆர்3 லேப்டாப்புகளுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் பிசி3எல் வகைதான் வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் 1.5 வோல்ட் கார்டைப் போட்டால் திரை வராது, அல்லது பீப் அடிக்கும். பழைய ராம் வாங்கினால் லேப்டாப்பையும் எடுத்துப்போய் அங்கேயே போட்டுப் பார்த்துவிடுவது உத்தமம். பென் டிரைவிலும் கவனம் வேண்டும். 64 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும் போலிகள் உண்டு. காப்பி ஆகும்போது ஒன்றும் தெரியாது, இன்ஸ்டால் பாதியில் 'கோப்பைக் காணவில்லை' என்று நிற்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்னக் கருவி உண்மையான அளவைச் சொல்லிவிடும். கடையில் 'ஓஎஸ் பென் டிரைவ்' என்று ரெடியாகத் தருவதை மட்டும் தொடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் தளத்தில் ஐஎஸ்ஓ, அதாவது ஓஎஸ்ஸின் முழு இன்ஸ்டால் கோப்பு, இலவசம். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 இருந்த மதர்போர்டில் அதே ஹோம் அல்லது ப்ரோ பதிப்பைப் போட்டால் 11 தானாகவே ஆக்டிவேட் ஆகும். பழைய விண்டோஸ் 7 சாவியைப் போட்டு ஆக்டிவேட் செய்யும் வழியை 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பேக்கப். அதோடு, விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் ரிகவரி சாவியை வேறிடத்தில் எழுதிவையுங்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) டிபிஎம்மையோ செக்யூர் பூட்டையோ தொட்டவுடன் பிட்லாக்கர் அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்கும். இல்லையென்றால் தரவு போனது போனதுதான்.

விண்டோஸ் 11

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்தால் காசு கேட்பதில்லை.

11-க்குப் போவதானால் முதலில் பயாஸைத் திறந்து பாருங்கள். செக்யூரிட்டி பக்கத்தில் இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்று ஒன்று அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். டிபிஎம் இல்லை என்று நினைத்த கணினியில் அது உறங்கிக்கொண்டிருப்பது வெகு சாதாரணம். ஆனால் அதே சூட்டில் பூட் முறையைப் பழைய லெகசியிலிருந்து புதிய யுஇஎஃப்ஐக்கு மாற்றிவிடாதீர்கள். டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிவினை முறையில் இருந்தால் அடுத்த நொடியே 'பூட் ஆகும் டிஸ்க் இல்லை' என்று வரும். பயந்துபோய் ஃபார்மேட் செய்ய வேண்டாம், திரும்ப லெகசிக்கு மாற்றினால் பழையபடி வந்துவிடும்.

பென் டிரைவ் தயாரிக்க ரூஃபஸ் கருவிதான் நேர்வழி. 16 ஜிபி பென் டிரைவ், மைக்ரோசாஃப்டின் ஐஎஸ்ஓ. கணினி யுஇஎஃப்ஐ என்றால் ஜிபிடி என்ற புதிய பிரிவினை முறை, லெகசி என்றால் எம்பிஆர் என்று தேர்ந்தெடுங்கள். ஸ்டார்ட் அழுத்தியதும் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் முதல் வரியே 4 ஜிபி ராம், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 தேவைகளை நீக்கவா என்று கேட்கும். டிக் போடுங்கள். தானியங்கி பிட்லாக்கரை அணைக்கும் வரியையும் பழைய கணினியில் டிக் செய்துவிடுவது நல்லது. ஐஎஸ்ஓவைத் திறந்து கோப்புகளை நாமே இழுத்துப் போட்டால் என்ன என்று கேட்கலாம். உள்ளே இருக்கும் இன்ஸ்டால் கோப்பு ஒன்று 4 ஜிபியைத் தாண்டும், ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ் அதை ஏற்காது. ரூஃபஸ் அந்தச் சிக்கலையும் பார்த்துக்கொள்கிறது.

இரண்டு வழி உண்டு. பென் டிரைவிலிருந்து பூட் செய்து சுத்தமாகப் போடலாம். அல்லது, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் பென் டிரைவைத் திறந்து செட்டப்பை இயக்கினால், கோப்புகளும் புரோகிராம்களும் அப்படியே இருக்க மேம்படுத்தலாம். இரண்டாவதில் ப்ராசசர் பட்டியலையும் சோதிப்பார்கள், ரூஃபஸ் 4.6 முதல் அதையும் தாண்டிவிடுகிறது. எட்டு வருடக் குப்பை சேர்ந்த விண்டோஸை மேம்படுத்துவதைவிட, புது எஸ்எஸ்டியில் சுத்தமாகப் போட்டு, பழைய டிஸ்க்கை அப்படியே எடுத்து வைப்பது மேல். ஒத்துவரவில்லை என்றால் பழைய டிஸ்க்கைச் செருகினால் பழைய கணினி திரும்பக் கிடைத்துவிடும்.

வைஃபை டிரைவர் இல்லாமல் மாட்டிக்கொண்டால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங், அதாவது போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் வசதி, போடுங்கள். விண்டோஸ் அதை ஈதர்நெட்போல் எடுத்துக்கொள்ளும். திரை தெளிவில்லாமல் பெரிதாகத் தெரிந்தால், டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் இடத்தில் 'பேசிக் டிஸ்ப்ளே' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் விண்டோஸ் அப்டேட்டில் ஆப்ஷனல் பகுதியில் தேடுங்கள். அங்கேயும் இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் தளத்தில் விண்டோஸ் 10 டிரைவரைப் போட்டுப் பார்க்கலாம், பெரும்பாலும் ஒத்துப்போகும்.

இதற்கப்புறம்தான் முக்கியமான விஷயம். மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட் இப்படிப்பட்ட கணினிகளுக்கும் வழக்கமாக வருகிறது, ஆனால் மைக்ரோசாஃப்ட் அதற்கு உத்தரவாதம் தரவில்லை. வருடத்துக்கொருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வருவது அரிது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஹோம், ப்ரோவில் 24 மாத ஆயுள். ஆக, அதிகபட்சம் இரண்டு வருடத்துக்கொரு முறை நீங்களே புதுப் பென் டிரைவ் தயாரித்து உட்கார வேண்டும். அப்பா அம்மாவின் கணினியில் போட்டுக்கொடுத்துவிட்டு அமெரிக்கா போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளட்டும்.

மேக்

மேக்கில் மூன்று காரணங்களும் ஒன்றாகச் சேர்ந்து வரும், அதனால் வேலையும் நுணுக்கமானது. டார்டானியா குழுவின் ஓப்பன்கோர் லெகசி பேட்சர் இங்கே ஒரே கருவி என்றே சொல்லலாம். ஆதரவு இருக்கும் மாடலாக மேக்கைக் காட்டுவது, கழற்றப்பட்ட டிரைவர்களைத் திரும்பப் பொருத்துவது, இல்லாத கட்டளைக்கு மாற்று தேடுவது, மூன்றையும் அது செய்கிறது. மூன்றாவது எப்படி என்பது சுவாரஸ்யமானது. வென்ச்சுரா பதிப்பிலிருந்து (பதிப்புகளின் வரிசை: கேட்டலினா, பிக் சர், மான்டரே, வென்ச்சுரா, சோனோமா, சீக்கோயா, டாஹோ) மேக்ஓஎஸ்ஸின் நூலகங்கள் ஏவிஎக்ஸ் 2 கட்டளையை எதிர்பார்க்கின்றன. அது 2013-ன் ஹாஸ்வெல் சிப்பில்தான் வந்தது. ஆனால் ஆப்பிளின் எம்1 வகைக் கணினிகளில் இன்டெல் செயலிகளை ஓட்டும் ரோசெட்டாவுக்காக, ஏவிஎக்ஸ் 2 இல்லாத இன்னொரு தொகுப்பையும் ஆப்பிளே வைத்திருந்தது. பேட்சர் அந்தத் தொகுப்பை எடுத்துப் பழைய இன்டெல் மேக்கில் போடுகிறது.

எந்த மேக் தகும்? ஆப்பிளின் புதிய கிராபிக்ஸ் முறையான மெட்டல் ஓடுபவை, அதாவது பெரும்பாலும் 2012-லும் அதற்குப் பின்னும் வந்தவை. அதற்கு முந்தையவற்றில் ஓஎஸ் ஏறும், ஆனால் மேப்ஸ் திறக்காது, ஜன்னல்கள் கலங்கும், நாள்தோறும் எரிச்சல். கோர் 2 டியோ காலத்து மேக்குகளில் இன்னொரு தொல்லை: வென்ச்சுரா யுஎஸ்பி 1.1 டிரைவரைக் கழற்றிவிட்டதால், பேட்ச் போடும்வரை உள்ளே இருக்கும் கீபோர்டே வேலை செய்யாது. வெளிக் கீபோர்டை யுஎஸ்பி 2.0 ஹப் வழியாகச் செருக வேண்டியிருக்கும்.

பலரிடம் இருக்கும் 2012 நடுப்பகுதி 13 அங்குல மேக்புக் ப்ரோவை எடுத்துக்கொள்வோம். ஆப்பிள் இதை கேட்டலினாவோடு நிறுத்தியது. அடிமூடியில் பத்து ஸ்க்ரூ, அவற்றில் மூன்று நீளம். எது எங்கே என்று தாளில் வரைந்து அதன் மேலேயே ஒட்டிவையுங்கள். பிலிப்ஸ் 00 ஸ்க்ரூடிரைவர் வேண்டும், டிஸ்க்கின் பக்கவாட்டு ஸ்க்ரூக்களுக்கு டி6. ராமை 16 ஜிபி வரை ஏற்றலாம். இந்த மாடலின் பேர்போன பலவீனம் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் பட்டையான கேபிள். அலுமினிய உடலில் உரசி உரசி உள்ளே விரிசல் விடும். அறிகுறி: புது எஸ்எஸ்டி போட்டும் இன்ஸ்டால் பாதியில் நிற்கும், டிஸ்க் சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது. எஸ்எஸ்டியைக் கடையில் மாற்றிக் கேட்டுச் சண்டை போடுமுன், அதே எஸ்எஸ்டியை யுஎஸ்பி உறையில் போட்டு வெளியிலிருந்து ஓட்டிப் பாருங்கள். ஓடினால் குற்றவாளி கேபிள்தான். புதிது மாற்றும்போது அதன் அடியில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டால் நீண்ட நாள் வரும்.

முதலில் அதிகாரபூர்வமான கடைசி ஓஎஸ்ஸை, இங்கே கேட்டலினாவை, முழுமையாக அப்டேட் செய்யுங்கள். மேக்கின் ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள், அதோடுதான் வருகிறது. பிறகு பேட்சரை அந்தக் குழுவின் கிட்ஹப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 32 ஜிபி பென் டிரைவில் அதை வைத்தே இன்ஸ்டாலரைத் தயாரித்து, அதே பென் டிரைவில் ஓப்பன்கோரையும் நிறுவுங்கள். ரீஸ்டார்ட் செய்யும்போது ஆப்ஷன் கீயை அழுத்திப் பிடித்து, முதலில் ஓப்பன்கோர் சின்னமுள்ள 'இஎஃப்ஐ பூட்', அதற்குப் பிறகு இன்ஸ்டாலர். டிஸ்க் யுட்டிலிட்டியில் 'எல்லா டிவைஸும் காட்டு' என்பதைத் தேர்ந்து, மேலே இருக்கும் முழு டிஸ்க்கையும் ஏபிஎஃப்எஸ், ஜியுஐடி முறையில் அழியுங்கள். புது டிஸ்க் என்றால் இதைத் தவறவிட்டால் அது பட்டியலிலேயே வராது.

இன்ஸ்டால் நடுவே பலமுறை ரீஸ்டார்ட் ஆகும். வட்டத்துக்குள் குறுக்குக்கோடு போட்ட சின்னம் தெரிந்தால், ஓப்பன்கோர் வழியாக வராமல் நேராக வந்துவிட்டது என்று அர்த்தம். அணைத்து, ஆப்ஷன் பிடித்து மறுபடி வாருங்கள். டெஸ்க்டாப் வந்ததும் எல்லாம் ஆமை வேகத்தில் இருக்கும், பயப்பட வேண்டாம். கிராபிக்ஸ் டிரைவர் இன்னும் ஏறவில்லை. பேட்சரில் 'போஸ்ட் இன்ஸ்டால் ரூட் பேட்ச்' கொடுத்தால் அது ஏறும். சோனோமாவில் பழைய வைஃபை கார்டுகளின் டிரைவரும் கிடையாது, இதே பேட்ச்தான் அதையும் கொண்டுவரும். எனவே ஈதர்நெட் கேபிள் கையில் இருக்கட்டும். ஆண்ட்ராய்டு யுஎஸ்பி டெதரிங் பெரும்பாலும் மேக்கில் வேலை செய்யாது. கடைசியாக ஓப்பன்கோரை உள் டிஸ்க்கில் நிறுவுங்கள். இதை மறந்துவிட்டுப் பென் டிரைவைக் கழற்றினால் மேக் பூட் ஆகாது.

பதிப்பைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆப்பிள் வழக்கமாகக் கடைசி மூன்று பதிப்புகளுக்கே பாதுகாப்பு அப்டேட் தருகிறது. 2025-ல் டாஹோ வந்ததும் வென்ச்சுரா வெளியே போனது. எனவே இத்தனை பாடுபட்டு மான்டரே போடுவதில் அர்த்தமில்லை. சோனோமா அல்லது சீக்கோயா. இன்டெல் மேக்குகளுக்கு டாஹோவே கடைசி என்று ஆப்பிள் அறிவித்துவிட்டதால், இந்தப் பாதை எவ்வளவு தூரம் போகும் என்பதும் தெரிந்துவிட்டது.

தானியங்கி அப்டேட்டை அணைத்துவையுங்கள். ரூட் பேட்ச் போட்டால் சிஸ்டம் பகுதியின் முத்திரை உடையும். அதனால் சின்ன அப்டேட்டுக்கும் முழு இன்ஸ்டாலரே இறங்கும், முடிந்ததும் போட்ட பேட்ச் எல்லாம் போயிருக்கும், திரும்பப் போட வேண்டும். ஆப்பிள் அப்டேட் வந்த அன்றே பாயாமல் பேட்சரின் புதுப் பதிப்பு வரும்வரை பொறுங்கள். இன்னொன்று: இந்தப் பேட்சுக்காகச் சில பாதுகாப்பு அரண்களைத் தளர்த்தியே ஆக வேண்டும். எழுத, படிக்க, படம் பார்க்கச் சரி. அலுவலகக் கணக்கு வழக்கை இதில் வைப்பது பற்றி இரண்டு முறை யோசியுங்கள்.

லினக்ஸ்

கோர் 2 டியோ, இ-450, இரண்டு ஜிபி ராமோடு வந்த அரசு இலவச லேப்டாப், இவற்றுக்கு லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ்தான் சரியான வழி. மற்ற இரண்டு பாதைகளிலும் கணினி கள்ள டிக்கெட்டில் பயணிக்கிறது. இங்கே மட்டும் முறைப்படி அப்டேட் வரும். லினக்ஸ் மின்ட் 22-ன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. ராமை மட்டும் 4 ஜிபியாக ஏற்றிவிடுங்கள். 64-பிட் ப்ராசசர் வேண்டும். 32-பிட் மட்டும் ஓடும் பழைய ஆட்டம் வகைகளுக்கு டெபியன் 12 வரைதான் இன்ஸ்டாலர் உண்டு, 13-ல் நிறுத்திவிட்டார்கள்.

இதன் பெரிய வசதி, நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது. அரை மணி நேரம் ஓட்டி, வைஃபை, ஒலி, கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள். என்விடியா கார்டில் கறுப்புத் திரை வந்தால் பூட் மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' எடுங்கள். பிராட்காம் வைஃபை தெரியாவிட்டால் போன் டெதரிங் போட்டு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதுவே காட்டும். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. நிறுவும் முன் விசாரிக்க வேண்டியது ஜிஎஸ்டி கையெழுத்து டோக்கனையும் டாலி கணக்கு மென்பொருளையும்தான். அவை அன்றாடம் தேவைப்படும் கணினி என்றால் விண்டோஸே இருக்கட்டும்.

தொடவே கூடாத கணினிகளும் உண்டு. திருவல்லிக்கேணிப் பக்கம் அச்சகங்களில் எக்ஸ்பியில் பேஜ்மேக்கர் 7-உம் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்டுகளும் ஓடுகிற பழைய பெட்டிகளைப் பார்க்கலாம். அதில் புது ஓஎஸ் போட்டால் பழைய கோப்புகள் திறக்காது, பிரின்டருக்கு டிரைவரும் கிடைக்காது. அதன் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, டிஸ்க்கை அப்படியே ஒரு இமேஜாக எடுத்து வேறொரு டிஸ்க்கில் வையுங்கள். வாடிக்கையாளர் பென் டிரைவ்களை முதலில் வேறு கணினியில் வைரஸ் பார்த்துவிட்டே அதில் செருகுங்கள்.